மசில் கார்: சக்கரத்தின் மறுபக்கம்

நடுத்தர அளவுள்ள காரில் பெரிய வி8 இன்ஜினைப் பொருத்தி, சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய விலையில் விற்பது 1960களில் அமெரிக்கக் கம்பெனிகள் கண்டுபிடித்த வியாபார உத்தி. மசில் கார் என்ற ரகம் அப்படித்தான் பிறந்தது. 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓ இதன் தொடக்கம் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். அதன் இன்ஜின் 325 குதிரைத்திறன் கொண்டது. அத்தனை வலுவையும் ரோட்டில் இறக்கியவை 14 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் உள்ள இரும்பு ரிம்கள், அவற்றின் மேல் 7.50-14 அளவு டயர்கள். பிரேக்கோ நான்கு சக்கரங்களிலும் டிரம். இன்ஜினுக்குக் காட்டிய தாராளத்தை அந்தக் காலக் கம்பெனிகள் டயருக்குக் காட்டவில்லை. பழைய மசில் கார் வாங்குகிறவர்கள் முதலில் சக்கரத்தையும் டயரையும் மாற்ற நினைப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

கடையில் கண்ணில் படுவது சக்கரத்தின் முகப்பு. அது காருக்குப் பொருந்துமா என்பது முதுகுப் பக்கத்து அளவுகளில் இருக்கிறது. அதனால் தேர்வை அங்கிருந்து தொடங்குவதே சரி.

முதல் அளவு போல்ட் வட்டம், அதாவது ஐந்து போல்ட்டுகளின் மையங்களைத் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டம். செவர்லே கமாரோ, செவெல், பான்டியாக் ஜிடிஓ போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அது 4.75 அங்குலம். வி8 இன்ஜின் கொண்ட ஃபோர்டு மஸ்டாங்கிலும் டாட்ஜ் சார்ஜரிலும் 4.5 அங்குலம். 1972 வரை வந்த டாட்ஜ் டார்ட்டில் 4 அங்குலம்தான். ஐந்து போல்ட் என்பதால் ஒன்றுக்கு நேர் எதிரே இன்னொன்று இருக்காது. விட்டத்தை டேப் வைத்து நேரடியாக அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டுகளை மையத்துக்கு மையம் அளந்தால் போதும்: 70.9 மி.மீ. வந்தால் 4.75 அங்குல வட்டம், 67.2 மி.மீ. வந்தால் 4.5 அங்குலம். கண்ணால் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது. கிரைஸ்லர் கம்பெனியின் 1960களின் கார்களில் இன்னொரு விசித்திரமும் உண்டு. இடப்பக்கச் சக்கரங்களின் ஸ்டட்டுகள் எதிர் மரை கொண்டவை. வழக்கம்போல் கழற்றுவதாக நினைத்து முழு பலத்தையும் போட்டால் நட் இன்னும் இறுகும், இல்லையென்றால் ஸ்டட் முறியும்.

அடுத்தது பேக்ஸ்பேசிங். இதில்தான் அதிகம் பணம் வீணாகிறது. சக்கரத்தை முகம் கீழே இருக்கும்படி தரையில் கவிழ்த்து வைத்து, மேலே தெரியும் ரிம் விளிம்பின் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வைக்க வேண்டும். சட்டத்தின் அடியிலிருந்து, ஹப்பின்மேல் பதியும் தட்டையான பரப்பு வரை உள்ள ஆழமே பேக்ஸ்பேசிங். சக்கரம் காருக்குள் எவ்வளவு தூரம் புகும் என்பதை இந்த ஆழம் சொல்லிவிடும். 7 அங்குல ரிம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். இரண்டு உதடுகளையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 8 அங்குலம். அதில் பேக்ஸ்பேசிங் 4 அங்குலம் என்றால் பதியும் பரப்பு நட்டநடுவில் இருக்கிறது, ஆஃப்செட் பூஜ்யம். ஆழம் கூடினால் சக்கரம் உள்ளே நகரும். லீஃப் ஸ்பிரிங்கிலோ டை ராடிலோ உரசும். குறைந்தால் வெளியே வந்து மட்கார்டு விளிம்பில் உரசும். வெளியே தள்ளிய சக்கரம் பார்க்கக் கம்பீரமாக இருக்கலாம். ஆனால் அதன் பாரம் ஹப் பேரிங்கில் ஏறும், மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும்.

இதற்கான இடத்தை அளக்கும்போது கார் நேராக நின்றால் மட்டும் போதாது. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் முழுதாக அமுங்கிய நிலையிலும் பார்க்க வேண்டும். ஐம்பது வருஷத்துக் காரில் இடப்பக்க இடைவெளியும் வலப்பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது, ஆகவே நான்கு மூலைகளையும் தனித்தனியே அளப்பது நல்லது. 1967 முதல் 1969 வரையிலான கமாரோவுக்குப் பலரும் போடும் கணக்கு இது: முன்னால் 4 அங்குல பேக்ஸ்பேசிங் கொண்ட 15x7 ரிம்மில் 235/60ஆர்15 டயர், பின்னால் 4.5 அங்குலம் கொண்ட 15x8 ரிம்மில் 255/60ஆர்15. பின் டயர் அகலமாக இருந்தால் பிடிப்பு கூடும். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யும் வசதி மட்டும் போய்விடும்.

சக்கரத்தின் விட்டத்தைப் பிரேக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்தக் கால 11 அங்குல டிஸ்க்குக்கு 15 அங்குலச் சக்கரம் போதும். 13 அங்குல டிஸ்க் மாட்டினால் பொதுவாக 17 அங்குலத்துக்குப் போயாக வேண்டும். ரிம் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவரைக் குறைத்து, மொத்த உயரம் மாறாமல் பார்த்துக்கொள்வது அவசியம். 225/70ஆர்14 டயரின் மொத்த உயரம் 671 மி.மீ.; 235/60ஆர்15-இன் உயரம் 663. இந்த வித்தியாசம் பொருட்டல்ல. அதே காரின் பின்னால் 275/60ஆர்15 போட்டால் உயரம் 711 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் 106-இல் ஓடும், 3.55 விகிதப் பின் ஆக்சில் 3.35 போல நடந்துகொள்ளும், எடுத்தவுடன் பாயும் வேகம் மட்டுப்படும். பாய்ச்சலுக்காகவே வாங்கிய காரில் அதைத் தானே குறைத்துக்கொள்வது வேடிக்கைதான்.

இனி டயர். அந்தக் காலத்து மசில் கார்கள் வந்தது பயஸ் டயர்களில். லாரிப் பட்டறைகளில் ‘நைலான்’ என்று சொல்வது இந்த ரகத்தைத்தான். உள்ளே நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும். ரோட்டில் உள்ள தடங்களையெல்லாம் பின்தொடர்ந்து கார் அலையும். மிஷெலின் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் அமெரிக்கக் கார்களில் பரவலானது 1970களில்தான். கண்காட்சிக்கு மட்டும் போகும் கார் என்றால் கோக்கர் போன்ற கம்பெனிகள் விற்கும் பழைய பாணிப் பயஸ் டயர்கள் பொருத்தம். ரோட்டில் ஓட்டுவதற்கு ரேடியலே நல்லது. இரண்டையும் ஒரே காரில் கலக்கக் கூடாது.

பழைய டயரில் எஃப்70-14 என்று இருக்கும். அதில் ‘எஃப்’ அகலத்தைக் குறிப்பதல்ல, சுமை தாங்கும் திறனைக் குறிப்பது. 70 என்பது அகலத்தில் பக்கச்சுவரின் சதவீதம். அதனால் இன்றைய அளவுக்கு மாற்றுவது தோராயமாகத்தான் முடியும்: 215/70ஆர்14 அல்லது 225/70ஆர்14. அளவோடு வேகக் குறியீட்டையும் கவனிக்க வேண்டும். 15 அங்குலத்தில் வெள்ளை எழுத்தோடு பெயர்பெற்ற பிஎஃப் குட்ரிச் ரேடியல் டி/ஏ ‘எஸ்’ ரகம், அதாவது மணிக்கு 180 கி.மீ. வரை. அதற்கு மேல் திறனுள்ள, பிடிப்பு மிக்க டயர்கள் வேண்டும் என்றால் 17, 18 அங்குலத்தில்தான் தேர்வு அதிகம்.

இத்தகைய கார்கள் வருஷத்தில் சில நாள்தான் வெளியே வருகின்றன. டயரின் பட்டன் புதிது போலவே இருக்கும், ரப்பர் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருக்கும். பக்கச்சுவரில் ‘டிஓடி’ எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். பட்டன் எப்படி இருந்தாலும் ஓட்டத்துக்கு ஆகாது. பத்து வருஷம் தாண்டிய டயரைக் கழற்றிவிடும்படியே தயாரிப்பாளர்களும் சொல்கிறார்கள்.

அளவுகள் முடிவான பிறகு முகப்பைத் தாராளமாகப் பார்க்கலாம். 1964-இல் வந்த க்ராகர் எஸ்/எஸ், குரோம் பூசிய இரும்பு ரிம்மும் அலுமினிய நடுப்பகுதியும் சேர்ந்தது. அமெரிக்கன் ரேசிங் கம்பெனியின் ஐந்து கால் கொண்ட டார்க் த்ரஸ்ட்டை 1968-இல் வந்த ‘புல்லிட்’ படத்து மஸ்டாங்கில் பார்க்கலாம். இன்று அதே வடிவம் 17 அங்குலத்திலும் கிடைக்கிறது. 18-ஐத் தாண்டினால் டயர் ரப்பர் பட்டைபோல மெலிந்து, அந்தக் காலக் கோடுகளோடு ஒட்டாமல் போகிறது.

பொருத்தும் வேலையில் இரண்டு விஷயங்கள். பயஸ் டயருக்காக எழுதிய பழைய அலைன்மென்ட் கணக்கில் கேஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம், பூஜ்யத்தையொட்டி இருக்கும். ரேடியலுக்கு, பவர் ஸ்டீயரிங் இருந்தால், 3 முதல் 5 டிகிரி வரை வைப்பார்கள். இரண்டாவது நட். இரும்பு ரிம்மின் கூம்பு நட் எல்லா அலாய் வீலிலும் பதியாது. சிலவற்றுக்கு நீண்ட கழுத்தும் வாஷரும் உள்ள நட் வேண்டும். அலுமினியம் அமர்ந்துகொள்ளக் கொஞ்சம் ஓட்டம் தேவைப்படுவதால், 80 முதல் 160 கி.மீ. ஓடியபின் டார்க் ரெஞ்ச் வைத்து எல்லா நட்டையும் மறுபடி இறுக்க வேண்டும்.