ஜிமாவின் புகையைக் கடலடியில் பூட்ட முடியுமா?

மலேசியாவின் போர்ட்டிக்சன் பக்கம் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டினால், கடலோரத்தில் ஜிமா நிலக்கரி மின்நிலையங்கள் தெரியும். 2009-இல் வந்தது 1,400 மெகாவாட். 2019-இல் வந்த ஜிமா ஈஸ்ட் 2,000 மெகாவாட். ஒரு டன் நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளிவரும். அதை அப்படியே பிடித்துப் புதைத்தால் என்ன?

பிடிக்கலாம். உயரமான கோபுரத்துக்குள் புகை கீழிருந்து ஏறும். மேலிருந்து அமீன் எனும் வேதிப்பொருள் கலந்த கரைசல் பொழியும். புகையில் பெரும்பங்கான நைட்ரஜனை விட்டுவிட்டு, கரியமில வாயுவை மட்டும் அமீன் பற்றிக்கொள்ளும். பிறகு கரைசலை 120 டிகிரி வரை சூடாக்கினால் வாயு பிரிந்துவிடும். சிக்கலே இந்தச் சூட்டில்தான். அதற்கான நீராவியை டர்பைனிலிருந்தே எடுக்க வேண்டும். வாயுவை அழுத்தவும் மின்சாரம் வேண்டும். நிலையம் தன் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழக்கலாம். அந்தக் குறையை ஈடுகட்ட வேறு மின்சாரமும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

புதைக்க 800 மீட்டருக்கும் கீழே, மேலே இறுகிய பாறை மூடிய படிவம் தேவை. அந்த ஆழத்து அழுத்தத்தில் வாயு திரவம்போல் அடர்ந்துவிடும். அப்படிப்பட்ட படிவங்கள் உள்ள தீபகற்ப மலேசியாவின் எரிவாயு வயல்கள் இருப்பதோ திரங்கானுவுக்கு அப்பால், கிழக்குக் கடலில். ஜிமா மேற்குக் கரையில். குறுக்கே குழாய் போட வேண்டும், அல்லது கப்பலில் ஏற்ற வேண்டும்.

கரிமப் பிடிப்புச் சட்டம் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் 2044-க்குள் நிலக்கரியைக் கைவிடுவது அரசின் இலக்கு. மூடப்போகும் நிலையத்துக்கு இத்தனை செலவு தகாது. கரியமில வாயுவைக் குறைக்க மாற்று வழி குறைவான சிமெண்டு ஆலைகளுக்கே இந்தத் தொழில்நுட்பம் முதலில் போக வேண்டும்.