எண்ணெயைத் தின்னும் கிருமிகள்! எண்ணூர் கழிவுக்கு நடந்த வைத்தியம்

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே 2 கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கடலில் கொட்டியது. கரையெல்லாம் தார் போல கறுப்புப் பிசின்!

மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். மார்க்கெட்டில் மீன் வாங்க ஆள் இல்லை.

அள்ளியதை எங்கே கொட்டுவது? அங்கேதான் கிருமிகள் வந்தன.

எண்ணெய்தான் சாப்பாடு

துறைமுக வளாகத்திலேயே கழிவைப் போட்டு, எண்ணெய் தின்னும் "பாக்டீரியா" கிருமிகளை விட்டார்கள், இந்தியன் ஆயில் நிறுவனத்தார்.

இந்தக் கிருமிகள் எண்ணெயைத் தின்று, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். ஆனால் சும்மா விட்டால் போதாது. காற்று, ஈரம், கொஞ்சம் உரச்சத்து வேண்டும். மண்ணைக் கிளறிவிட வேண்டும். வேலை முடிய மாதக்கணக்கில் ஆகும். ஈயம், பாதரசம் போன்ற உலோகம் கலந்திருந்தால் அதைத் தின்று தீர்க்க முடியாது.

மறுபடியும் வாளி!

2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. படகும் வலையும் பாழ். அப்போதும் மீனவர்கள் வெறும் கையாலும் வாளியாலும்தான் அள்ளினார்கள்.

கொட்டிய பிறகு தின்னத்தான் கிருமி. கொட்டாமல் பார்த்துக்கொள்வது மனுஷன் வேலை அல்லவா?