ஒரே மருந்து, நான்கு விலை

ஆஸ்திரேலியாவில் இயங்கும் ஓர் இணைய மருந்தகத்தில் நான்கு பேர் ஒரே நாளில் ‘ஓசெம்பிக்’ ஊசிப் பேனா வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. அரசாங்க நிபந்தனைகளுக்கு உட்பட்டவர். 25 டாலர் செலுத்துகிறார். இரண்டாமவருக்கும் அதே நோய்தான், ஆனால் ஓய்வூதியர். அவர் செலுத்துவது 7 டாலர் 70 காசு. மூன்றாமவருக்கு நீரிழிவு இல்லை. உடல் எடையைக் குறைக்க மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு 100 டாலருக்கு மேல். நான்காமவர் மலேசியாவிலிருந்து படிக்கப் போன மாணவர். நீரிழிவு இருந்தும் முழு விலையைக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு பகுதியைப் பிறகு காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். (ஆஸ்திரேலிய டாலர் ஒன்று நம் பணத்தில் 3 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு.)

பேனா ஒன்று, அதற்குள் இருக்கும் செமாகுளுடைட் ஒன்று, அனுப்பி வைக்கும் மருந்தகமும் ஒன்று. மருந்தகம் ஆளைப் பார்த்து விலை சொல்கிறது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இங்கே ஆளைப் பார்ப்பது அரசாங்கம்.

நம் பிள்ளைகள் பலர் மெல்பர்ன், பெர்த், அடிலெய்டு நகரங்களில் படிக்கிறார்கள். ஆஸ்துமா, தைராய்டு, இனிப்புநீர் என்று ஏதாவது ஒன்றுக்குத் தினமும் மருந்து எடுப்பவர்களும் அவர்களில் உண்டு. அந்த நாட்டு மருந்து விலையின் கணக்கைத் தெரிந்துகொள்வது அவர்களுக்குப் பயன்படும்.

ஆஸ்திரேலியாவின் மருந்து மானியத் திட்டத்தைச் சுருக்கமாக பி.பி.எஸ். என்பார்கள். 1948-ல், 139 உயிர்காக்கும் மருந்துகளை இலவசமாகக் கொடுத்துத் தொடங்கியது. 1960-ல் நோயாளியும் ஒரு பங்கு, அன்றைய 5 ஷில்லிங், செலுத்த வேண்டும் என்று ஆனது. அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போய் 2022-ல் 42 டாலர் 50 காசைத் தொட்டது. அரசாங்கம் 2023-ல் அதை 30 டாலருக்கு இறக்கியது. 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து 25 டாலர். இந்த அளவு கடைசியாக இருந்தது 2004-ல். விலைக்குப் பயந்து மருந்துச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்பவர்கள், பிறகு மருத்துவமனைக் கட்டிலில் வந்து படுக்கிறார்கள். அந்தச் செலவும் அரசாங்கத்தின் தலையில்தான் விழும். குறைத்ததற்கு அது முக்கியக் காரணம்.

இணையப் பக்கத்தில் நாம் பார்க்கும் தொகை மருந்தின் விலை அல்ல, நோயாளியின் பங்கு மட்டுமே. உண்மை விலை அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது: தொழிற்சாலை விலை, மொத்த வியாபாரியின் பங்கு, மருந்தகம் வாங்கி வைத்துப் பராமரிப்பதற்கான கட்டணம், மருந்தாளர் சீட்டைச் சரிபார்த்து எடுத்துக் கொடுப்பதற்கான கட்டணம். பட்டியலில் உள்ள மருந்துக்கு இந்த அடுக்குகள் எல்லாவற்றுக்கும் அரசாங்கத்துடன் செய்த உடன்பாட்டின்படி கணக்கு உண்டு. மொத்தம் 25 டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதியை அரசாங்கம் நேராக மருந்தகத்துக்குச் செலுத்திவிடும்.

இந்த ஏற்பாட்டின் வலிமையைப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு போதும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோய் நுரையீரலில் கெட்டியான சளியைச் சேர்த்து மூச்சை அடைக்கும். அதற்கான ‘டிரிகாஃப்டா’ மாத்திரை 2022 ஏப்ரலில் மானியப் பட்டியலில் சேர்ந்தது. மானியம் இல்லாமல் ஆண்டுக்கு 250,000 டாலருக்கு மேல் ஆகும் மருந்து அது. சாதாரணக் குடும்பம் வீட்டை விற்றாலும் சில ஆண்டுகளுக்குத்தான் வாங்க முடியும். பட்டியலில் வந்த பிறகு, ஒரு சீட்டுக்கு அதே நோயாளிப் பங்குதான்.

எல்லா மருந்தும் பட்டியலுக்குள் வந்துவிடுவதில்லை. வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தால்தான் சேரும். மருந்து வேலை செய்கிறதா என்பதோடு, கொடுக்கும் பணத்துக்கு ஈடாக எவ்வளவு நல்வாழ்வு கிடைக்கிறது என்றும் அந்தக் குழு கணக்கிட வேண்டும். 1993 முதல் இது கட்டாயம். எந்த நோய்க்கு என்பதும் அங்கேயே முடிவாகிறது. ஓசெம்பிக் நீரிழிவுக்காகப் பட்டியலில் உண்டு, எடைக் குறைப்புக்காக இல்லை. மூன்றாமவர் முழு விலை கொடுத்தது அதனால்தான்.

இனி, பலரும் குழம்பும் இடத்துக்கு வருவோம். மருந்தின் மொத்த விலையே 25 டாலருக்குக் கீழே இருந்தால்? அப்போது சாதாரண நோயாளிக்கு மானியம் ஒரு காசும் கிடையாது. முழு விலையும் அவருடையது. விலை 14 டாலர் என்று வையுங்கள். ஓய்வூதியர் 7.70 செலுத்துவார், அரசாங்கம் 6.30 கொடுக்கும். மற்றவர் 14 டாலரையும் தானே செலுத்துவார். இந்தக் கோட்டுக்குக் கீழேதான் மருந்தகங்கள் தங்கள் இலாபத்தைக் குறைத்துக்கொண்டு ஒன்றோடொன்று போட்டி போட முடியும். பெரிய இணைய மருந்தகங்கள் 14 டாலர் மாத்திரையை 9 டாலருக்குத் தருவதாக விளம்பரம் செய்வது இங்கேதான். கோட்டுக்கு மேலே உள்ள மருந்தில் நோயாளியின் பங்கைக் குறைக்க 2016-ல் அரசாங்கம் அனுமதித்த தள்ளுபடி அதிகபட்சம் ஒரே ஒரு டாலர். ஆகவே விலையுயர்ந்த மருந்துக்காகப் பத்து இணையத் தளங்களைத் தேடி அலைவது வீண். பழைய, மலிவான மருந்துக்குத் தேடினால் பலன் உண்டு.

பழைய மருந்து எப்படி மலிவாகிறது? காப்புரிமை முடிந்ததும் வேறு நிறுவனங்களும் அதே மூலப்பொருளைக் கொண்டு மாத்திரை செய்கின்றன. முதல் போட்டி மருந்து பட்டியலுக்குள் வந்தவுடன் சட்டப்படி விலை 25 விழுக்காடு குறையும். பிறகு நிறுவனங்கள் மருந்தகங்களைப் பிடிக்க மறைவாகத் தள்ளுபடி கொடுக்கும். உண்மையில் என்ன விலைக்கு விற்றீர்கள் என்று அரசாங்கம் கணக்குக் கேட்டு, சராசரியை எடுத்து, பட்டியல் விலையையே அந்த அளவுக்கு இறக்கிவிடும். 2007-ல் வந்த ஏற்பாடு இது. மிகவும் சாமர்த்தியமானது என்பது என் எண்ணம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகள் இப்படித்தான் மளமளவென்று இறங்கின.

மலிவு மருந்தில் சத்து குறைவு என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. என் ஐந்தாம் படிவ மாணவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து, குறிப்பிட்ட நேரங்களில் இரத்தம் எடுத்து, அதிலுள்ள மருந்தின் அளவை வரைபடமாக வரைவார்கள். ஒரு குன்று போன்ற வளைவு கிடைக்கும். அதன் கீழுள்ள பரப்பளவு, மொத்தம் எவ்வளவு மருந்து இரத்தத்தில் சேர்ந்தது என்று சொல்லும். உச்சியும் அதை எட்டிய நேரமும் எவ்வளவு விரைவில் சேர்ந்தது என்று சொல்லும். முதல் மருந்து உடலை விட்டு நீங்கும்வரை காத்திருந்து, அதே ஆட்களுக்கு மற்ற நிறுவனத்தின் மாத்திரையைக் கொடுத்து மீண்டும் வரைவார்கள். இரண்டு வளைவுகளின் விகிதமும், அதன் 90 விழுக்காடு நம்பக எல்லைகளும், 80-க்கும் 125-க்கும் இடையில் அடங்க வேண்டும். (ஏன் 120 இல்லை என்று கேட்கும் கணிதப் பிரியர்களுக்கு: 1-ஐ 0.8-ஆல் வகுத்துப் பாருங்கள்.)

மாத்திரையில் 20 விழுக்காடு மருந்து குறையலாம் என்பது இதன் பொருள் அல்ல. சராசரி மட்டுமின்றி நம்பக எல்லை முழுவதும் அந்தக் கட்டத்துக்குள் நிற்க வேண்டுமானால், சராசரி 100-க்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2,070 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவில் சராசரி வேறுபாடு 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

விதிவிலக்கும் உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினில் சிறு மாற்றமும் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் அதன் இரு பிராண்டுகள் ஒன்றுக்கொன்று சமம் என்று நிறுவப்படாததால், மாற்றி எடுக்கக் கூடாது என்பது விதி. மற்றபடி, பழைய பிராண்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மலிவான பிராண்டின் விலைக்கு மேல் உள்ள வித்தியாசத்தை நோயாளியே கொடுக்க வேண்டும். அதற்கு மானியம் இல்லை.

நிறைய மருந்து எடுப்பவர்களுக்கு ஆண்டு வரம்பு ஒன்றும் உண்டு. ஓய்வூதியர் 36 சீட்டுகளுக்கு, அதாவது 277 டாலர் 20 காசு, செலுத்திவிட்டால் அந்த ஆண்டின் எஞ்சிய காலத்துக்கு இலவசம். பிராண்டுக்காகக் கொடுத்த கூடுதல் பணம் இந்த வரம்பில் சேராது. 2023 செப்டம்பரிலிருந்து, நீண்டகால நோய்க்கான பல மருந்துகளை இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ஒரே பங்கில் வாங்கலாம்.

இவ்வளவும் ‘மெடிகேர்’ அட்டை உள்ளவர்களுக்கு. நம் மாணவர்களிடம் அந்த அட்டை இல்லை. பிரிட்டன், நியூசிலாந்து, இத்தாலி உள்பட 11 நாடுகளுடன் ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர உடன்பாடு உண்டு. மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் இல்லை. மாணவர் விசாவுக்குக் கட்டாயமான காப்புறுதிதான் துணை. அதன் அடிப்படைத் திட்டத்தில், நோயாளிப் பங்குக்கு மேல் உள்ள தொகையில் ஒரு மருந்துக்கு 50 டாலர் வரை, தனி நபருக்கு ஆண்டுக்கு 300 டாலர் வரை திரும்பக் கிடைக்கும். 90 டாலர் மருந்து என்றால் 25 போக மீதி 65. அதில் 50 திரும்ப வரும். மாணவர் கையிலிருந்து போவது 40 டாலர். மாதம் ஒரு முறை வாங்கினால் ஆறே மாதத்தில் 300 தீர்ந்துவிடும். நம் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்து, மருத்துவரையும் பார்த்து மருந்தையும் வாங்கிப் பழகிய குடும்பத்துக்கு இது பேரதிர்ச்சி. பணத்தை மிச்சம் பிடிக்க, இன்ஹேலரை இரண்டு முறை உறிஞ்ச வேண்டிய இடத்தில் ஒரு முறை உறிஞ்சும் பிள்ளைகள்தான் நாம் கவலைப்பட வேண்டியவர்கள்.

போகும்போதே மருந்து கொண்டு போகலாம். பயணி தன் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. மருத்துவரின் சீட்டு அல்லது கடிதத்தின் ஆங்கிலப் பிரதி கையில் இருக்க வேண்டும், மருந்து அதன் அசல் பெட்டியிலேயே இருப்பது நல்லது. பின்னர் வீட்டிலிருந்து அஞ்சலில் அனுப்புவது வேறு கதை. ஒரு தடவைக்கு மூன்று மாத அளவு என்ற வரம்பு அதற்கும் உண்டு. ஆனால் மருந்துச் சீட்டு தேவைப்படும் மருந்தாக இருந்தால், அந்தச் சீட்டை ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். கிள்ளானிலோ ஈப்போவிலோ உள்ள குடும்ப மருத்துவர் எழுதியது செல்லாது. பார்சலைக் கட்டுவதற்கு முன்பே பிள்ளை அங்குள்ள மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கிவிட வேண்டும்.