கொசுத்தேனீக்களின் ஆகாரமும் மகரந்தத்தின் அவசியமும்

மண்சுவர்ப் பொந்துகளிலும் பழைய மரங்களின் துவாரங்களிலும், கொசுவைப் போன்ற சிறிய கரிய தேனீக்கள் மெழுகும் பிசினும் கலந்த ஒரு குழாயை வாசலாக அமைத்துக்கொண்டு வசிப்பதை அங்கத்தினர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். இவையே கொசுத்தேனீக்கள். இவை கொட்டுவதில்லையாதலால் ஸ்திரீகளும் அச்சமின்றி வளர்க்கலாம். தேன் கொஞ்சமே கிடைப்பினும், மருந்துக்கு உகந்ததென்று ஜனங்கள் கருதுவதால் நல்ல விலைக்குப் போகிறது.

நான் தணிக்கைக்குச் செல்லும் கிராமச் சங்கம் ஒன்றில் அங்கத்தினர் சிலர் கடன் பெற்று இவ்வீக்களுக்குப் பெட்டிகள் வாங்கினர். தேன் எடுக்கையில் கூட்டிலிருந்த குடங்களை ஒன்றுவிடாமல் வழித்தெடுத்துவிட்டனர். பின்பு அடைமழைக் காலம் வந்தது. “ஈக்கள் பட்டினி கிடக்குமே, என்ன செய்யலாம் ஐயா?” என்று ஒரு பெரியவர் என்னை வினவினார். “சர்க்கரைப் பாகு வையுங்கள், போதும்” என்றேன். அவ்வாறே வைத்தனர். ஈக்கள் பாகைக் குடித்தன. எனினும் சில மாதங்களுக்குள் பெட்டிகளிற் பாதி வெறுமையாயின. கடன் தவணை மட்டும் நின்றது. என் யோசனை குறையுடையதென்று பின்னரே அறிந்தேன். அக்குறை இன்னதென்று விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இருவகை ஆகாரம்

தேனீ பூக்களிலிருந்து இரண்டு பொருள்களைக் கொணர்கிறது. ஒன்று மது, மற்றொன்று மகரந்தம். மதுவில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை. அது பறப்பதற்கும் உழைப்பதற்கும் பலம் தரும். உடலை வளர்க்கும் புரதமும், கொழுப்பும், உயிர்ச்சத்துக்களும் மகரந்தத்திலேயே உள்ளன. நமக்குச் சோறும் பருப்பும் எப்படியோ, அப்படியே தேனீக்கு மதுவும் மகரந்தமும். பாகு வைப்பது சோறு மட்டும் இடுவதற்கொப்பாகும். அதனால் இருக்கும் ஈக்கள் சில நாள் பிழைக்கும். புதிய ஈக்கள் உண்டாகமாட்டா.

அமெரிக்காவின் உஷ்ணப் பிரதேசக் காடுகளில், மகரந்தம் சேகரிப்பதை அறவே விட்டு, இறந்த பிராணிகளின் மாம்ஸத்தைத் தின்னும் கொடுக்கில்லாத தேனீ ஜாதி ஒன்று உண்டென்று 1982-ஆம் ஆண்டில் ரூபிக் என்னும் சாஸ்திரி வெளியிட்டார். மகரந்தத்தின் ஸ்தானத்தை மாம்ஸமே வகிக்க முடிந்ததென்பதிலிருந்து அதன் சத்து இத்தன்மையதென விளங்கும்.

புழுக்களுக்கு ஊட்டும் விதம்

அடுக்குப் பெட்டிகளில் வளர்க்கும் தேனீக்கள் தம் புழுக்களுக்கு அவ்வப்போது ஆகாரம் ஊட்டும். கொசுத்தேனீயின் வழக்கம் வேறு. வேலைக்கார ஈக்கள் ஒவ்வொரு சிற்றறையிலும் மகரந்தம், தேன், தம் சுரப்பிகளில் ஊறும் சத்து ஆகியவற்றைக் கலந்து நிரப்பும். ராணி அதன்மேல் ஒரு முட்டையிடும். உடனே அறை மூடப்படும். ஏறத்தாழ ஆறேழு வாரங் கழித்து ஈ வெளிவரும் வரையில் அது திறக்கப்படுவதில்லை. ஆகவே, மூடும் நாளில் வைத்த கட்டுச்சோறே அப்புழுவுக்குக் கடைசிவரை ஆகாரம். குடத்தில் மகரந்தம் இல்லாத நாட்களில் அறை கட்டுவது குறையும். அதன் நஷ்டம் சில வாரங்களுக்குப் பின்னரே நம் கண்ணுக்குப் புலப்படும்.

எல்லா மகரந்தமும் ஒன்றல்ல

மகரந்தத்திலுள்ள புரதம் நூற்றுக்கு 3 பங்குக்குக் குறைவானது முதல் 60 பங்கு வரையில் பூவுக்குப் பூ வேறுபடும். அளவு மட்டுமன்றித் தன்மையும் வேறுபடும். ஐரோப்பியத் தேனீயின் வளர்ச்சிக்குப் பத்துவித அமினோ அமிலங்கள் இன்றியமையாதவை என்று 1953-ஆம் ஆண்டில் டி குரூட் என்பவர் காட்டினார். மக்காச்சோள மகரந்தம் போன்றவற்றில் இவற்றுட் சில போதியபடி இல்லை. ஒரு பூவில் குறைவதை மற்றொன்று நிரப்புமாதலால், பலவகைப் பூக்கள் அருகில் இருப்பதே க்ஷேமம்.

நம் நாட்டில் தென்னையே இவ்வீக்களுக்குப் பெருந்துணை. ஒரு பாளையில் ஆயிரக்கணக்கான ஆண்பூக்கள் உண்டு. காய்க்கும் மரத்தில் ஏறக்குறைய மாதம் ஒரு பாளை வெடிப்பதால் வருஷமுழுதும் மகரந்தம் கிடைக்கும். மா, வேம்பு, புளி, புங்கு, முருங்கை ஆகியவை தத்தம் பருவத்தில் உதவும். எள், கொத்தமல்லி, துளசி, நாம் களையென இகழும் தொட்டாற்சுருங்கி ஆகியவையும் பயன்படும். கத்தரிப் பூவையோ அதிகமாக நம்பலாகாது. அதன் மகரந்தப் பை நுனித் துவாரத்தின் வழியாகவே திறப்பது; பூவை அதிரச்செய்து உதிர்க்கும் சக்தி கொசுத்தேனீக்கு இல்லை.

அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டியவை

1. தேன் குடங்களை மட்டும் எடுக்கவேண்டும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பசை நிரம்பிய மகரந்தக் குடங்களைத் தொடலாகாது. அவை கலந்தால் தேனும் கலங்கிச் சீக்கிரம் புளித்துக் கெடும்.

2. மழைக்காலத்தை உத்தேசித்துத் தேனிலும் ஒரு பகுதியைக் கூட்டிலேயே விடவேண்டும்.

3. இவ்வீக்கள் நெடுந்தூரம் செல்வதில்லை. சில நூறு மீட்டருக்குள்ளேயே இரை தேடும். ஆகையால் பெட்டிகளை ஒரே இடத்தில் குவிக்காமல், தென்னையும் பலவகை மரஞ்செடிகளும் உள்ள இடங்களிற் பிரித்து வைக்கவேண்டும்.

4. பூ மலர்ந்திருக்கையில் பூச்சிமருந்து தெளித்தலாகாது. நஞ்சு மகரந்தத்தோடு கூட்டுக்குட் சென்று புழுவின் அறையிலும் சேர்ந்துவிடும்.

கடைசியாகச் சொன்ன இரண்டும் தனி ஒருவரால் ஆகக்கூடியவையல்ல. ஒருவர் தோட்டத்து ஈ அடுத்தவர் தோட்டத்துப் பூவைக் கொண்டே ஜீவிக்கிறது. எந்த மாதத்தில் எந்தப் பூ தம் ஊரில் கிடைக்கிறது, எந்த மாதம் வெறுமையாயிருக்கிறது என்று சங்கக் கூட்டத்தில் ஒரு பட்டி தயாரித்து, வெறுமையான மாதத்தில் பூப்பவற்றை வரப்புகளிலும் வேலியோரங்களிலும் வைத்து வளர்ப்பார்களாயின், பாகுக்குச் செலவிடும் பணம் மிஞ்சும். பெட்டிக்கு வாங்கிய கடனும் தவணை தவறாமல் தீரும்.