கூடு முதலில், குஞ்சு பிறகு: வீட்டுத் தோட்டத்தில் முதல் 10 கோழிகள்

இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் வீடு திரும்பியதும் முதலில் யோசிக்கும் தொழில்களில் ஒன்று கோழி வளர்ப்பு. கொஞ்ச இடம் போதும். தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் காலையிலும் மாலையிலும் கவனித்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும், மிஞ்சியதை விற்கலாம்.

ஆனால் கூடு தயாராகும் முன்பே குஞ்சுகள் வந்துவிட்டால் இழப்புதான். பெட்டியில் வந்த குஞ்சுகளைக் குசினி மூலையில் விட்டு, “நாளைக்குக் கூடு கட்டலாம்” என்று இருந்தால், குளிரும் ஈரமும் பூனையும் சில நாட்களிலேயே பாதியைக் கொண்டுபோய்விடும். பதுளை மாவட்டத்துக்கு ஏற்ற வகையில் எதை எந்த ஒழுங்கில் செய்வது என்று இப்பகுதி விளக்குகிறது.

எப்போது தொடங்குவது?

ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் ஈரமும் அதிகம். பண்டாரவளை, அப்புத்தளை போன்ற உயரமான இடங்களில் இரவுக் குளிரும் கடுமை. இந்த மாதங்களில் சிறு குஞ்சுகளை வாங்க வேண்டாம். மழை விடும் நாட்களில் கூட்டைக் கட்டி முடியுங்கள். பெப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ குஞ்சு வாங்கினால், அவை ஓகஸ்ட், செப்டெம்பர் அளவில் முட்டையிடத் தொடங்கும். அடுத்த பெருமழை வரும்போது வளர்ந்த கோழிகளாக இருக்கும்.

எத்தனை குஞ்சுகள்?

முதல் தடவை 10 போதும். சேவல், பேடு பிரிக்காத குஞ்சுகள் என்றால் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். ஒரு சேவலை வைத்துக்கொண்டு மற்றவற்றை வளர்ந்தபின் விற்கலாம் அல்லது கறிக்கு எடுக்கலாம்.

முட்டை வருவதற்கு முன் 5 முதல் 6 மாதங்கள் செலவு மட்டுமே இருக்கும். முதல் 8 வாரங்களில் 10 குஞ்சுகளுக்கு 15 முதல் 20 கிலோ வரை குஞ்சுத் தீன் தேவைப்படும். அதன் பிறகு வெளியில் மேயவிட்டாலும், கோழி ஒன்றுக்கு நாளுக்கு 50 கிராம் என்று பார்த்தால் மாதத்துக்கு 15 கிலோ தீன் வேண்டும். இந்தச் செலவைத் தாங்க முடியாவிட்டால் 5 குஞ்சுடன் தொடங்குங்கள்.

ஒரு மாதம் வளர்த்த குஞ்சுகள் கிடைத்தால் அவற்றை வாங்குவது நல்லது. விலை கூடினாலும், குஞ்சுகள் அதிகம் சாகும் காலம் கடந்திருக்கும். என்னென்ன தடுப்பு மருந்து போடப்பட்டது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுக்கு இடம் தெரிவு செய்தல்

புதிய தோட்ட வீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச் காணி கிடைத்திருக்கிறது. அது ஏறக்குறைய 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீட்டைக் கழித்தால் 1,350 சதுர அடி மிஞ்சும். அதிலும் சரிவு, வாய்க்கால், மலசலகூடக் குழி எல்லாம் போக, பாவிக்கக்கூடிய இடம் குறைவுதான். ஆனால் 10 கோழிகளின் கூட்டுக்கு 20 சதுர அடி போதும். லயத்தில் இருப்பவர்களும் தோட்டக் காணியில் கட்டுபவர்களும் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள்.

- கூட்டுக்காக மண்மேட்டை வெட்ட வேண்டாம். வெட்டிய மேடு மழையில் சரியும். பள்ளப் பக்கத்துக் கால்களை நீளமாக வைத்துத் தளத்தைச் சமப்படுத்துங்கள்.
- மழைநீர் ஓடும் வாய்க்காலை மறித்துக் கட்ட வேண்டாம்.
- பீலிக்கும் கிணற்றுக்கும் மேல் பக்கத்தில் கட்ட வேண்டாம். எச்சம் கழுவிப்போகும் தண்ணீர் குடிநீரில் சேரக்கூடாது.
- காலை வெயில் உள்ளே விழும்படி கதவு இருக்கட்டும். சாரல் அடிக்காதபடி கூரை ஒன்றரை அடி வெளியே நீண்டிருக்கட்டும்.

கூட்டின் அளவுகள்

- தளம்: 5 அடி நீளம், 4 அடி அகலம். நிலத்திலிருந்து 2 முதல் 3 அடி உயரம்.
- தளத்துக்குச் சட்டங்களை அரை அங்குல இடைவெளியில் அடித்தால் எச்சம் கீழே விழும். கீழே சாக்கு விரித்துச் சேர்த்து, மக்கவைத்து, மரக்கறிப் பாத்திக்கு இடலாம்.
- சுவர்: காற்று அடிக்கும் பக்கம் பலகை. மற்றப் பக்கங்களில் மேல்பாதி கம்பி வலை. அடைத்து மூடிய கூட்டில் எச்சத்தின் காரம் தேங்கிக் கோழிகளுக்கு மூச்சு நோய் வரும்.
- வலை: அரை அங்குலக் கண் உள்ளதாக இருக்கட்டும். பெரிய கண் வலையில் பாம்பு நுழையும், கீரி காலை விட்டு இழுக்கும். மரநாய் இரவில் வரும். ஆகவே கதவுக்குக் கயிறு போதாது, கொண்டி போடுங்கள்.
- உள்ளே: கோழிகள் இரவில் ஏறி உட்கார 4 அடிக் கம்புகள் இரண்டு. முட்டையிட ஓர் அடி நீள அகலமுள்ள பெட்டிகள் இரண்டு.

இடிந்த வீட்டின் பலகை, கதவு, தகரம் ஆகியவற்றைப் பாவிக்கலாம். ஆனால் நுழையக்கூடாது என்று அறிவித்த வீட்டுக்குள் அவற்றுக்காகப் போகாதீர்கள். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

முதல் நான்கு வாரங்கள்: சூடு

குஞ்சுக்கு முதலில் வேண்டியது சூடு. அடைக்கோழி இருந்தால் கவலை குறைவு. இரவில், குஞ்சு பொரித்த கோழியின் கீழ் ஒருநாள் குஞ்சுகளை வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். காலையில் கொத்துகிறதா என்று பாருங்கள்.

அடைக்கோழி இல்லாவிட்டால் 3 அடிக்கு 2 அடி அட்டைப்பெட்டியில் மரத்தூளோ உமியோ இரண்டு அங்குலம் பரப்பி, ஒரு பக்கமாக மின்குமிழைத் தொங்கவிடுங்கள். பழைய இழைக் குமிழ்தான் சூடு தரும். எல்.ஈ.டி. குமிழில் வெளிச்சம் உண்டு, போதிய சூடு இல்லை. முதல் வாரம் 32 முதல் 35 பாகை செல்சியஸ் தேவை. பிறகு வாரத்துக்கு 3 பாகை வரை குறைக்கலாம்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். குமிழின் கீழ் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், குமிழைத் தாழ்த்துங்கள். மூலைகளுக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், உயர்த்துங்கள். பரவலாக இருந்து தின்றால் சரி.

மின்சாரம் நின்றால், வெந்நீர் நிரப்பி இறுக மூடிய போத்தல்களைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். மண்ணெண்ணெய் விளக்கையோ தணல் சட்டியையோ பெட்டிக்குள் வைக்க வேண்டாம். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ முழு லயத்துக்கும் பரவும்.

தீனும் தண்ணீரும்

முதல் 8 வாரம் குஞ்சுத் தீன் மட்டும். முட்டைக்கோழித் தீனில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீரை ஆழமில்லாத தட்டில், நடுவே கூழாங்கற்கள் போட்டு வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் குஞ்சு விழுந்து சாகும். வளர்ந்தபின் சோறு, கீரை, தேங்காய்ப்பூச் சக்கை சேர்க்கலாம். பூசணம் பிடித்த தீனையோ சோற்றையோ ஒருபோதும் போடாதீர்கள்.

களைநாசினி தெளித்த தேயிலை மலைக்குள் கோழிகளை விடாதீர்கள். பக்கத்து வீட்டாரின் போஞ்சி, கோவாப் பாத்திகளுக்குள்ளும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பாத்தி முளைவிடும் காலத்தில் கோழிகளை மாலை ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிடுவது சண்டையைத் தவிர்க்கும்.

நோய்

ராணிக்கெட் நோய் வந்தால் சில நாட்களில் கூட்டமே செத்துப்போகலாம். பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் ஆகியவை அறிகுறிகள். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை, தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. குஞ்சு வாங்கும் முன்பே உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய், எந்தெந்த நாட்களில் மருந்து போட வேண்டும் என்று கேளுங்கள். ஒரு மருந்துக் குப்பி பல கோழிகளுக்குப் போதும். கரைத்தபின் அதை நெடுநேரம் வைத்திருக்க முடியாது. ஆகவே லயத்தில் உள்ள குடும்பங்கள் ஒரே நாளில் சேர்ந்து போடுவது நல்லது.

3 முதல் 6 வாரக் குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் ஈரமான மரத்தூளை உடனே மாற்றி, அதே அலுவலகத்தில் மருந்து கேளுங்கள். செத்த கோழியை ஓடையில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். நோயில் செத்ததைச் சாப்பிடவோ, நோயுற்றதை விற்கவோ வேண்டாம்.

மண்சரிவு எச்சரிக்கை வந்தால்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் இந்த மாவட்டம் மீண்டும் உயிர்களை இழந்தது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், அல்லது நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால், கோழிகளைப் பிடித்துக் கூடையில் அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வழியில் இருந்தால் கூட்டின் கதவைத் திறந்துவிட்டு நீங்கள் வெளியேறுங்கள். “தீன் வைத்துவிட்டு வருகிறேன்” என்று யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், திரும்பிப் போகக்கூடாது. கோழிகள் போனால் மறுபடியும் 10 குஞ்சு வாங்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

குஞ்சு வாங்கும் முன் சரிபாருங்கள்

1. கூடு கட்டி முடிந்து, ஒரு மழையில் ஒழுகாமல் நின்றதா?
2. கொண்டியும் அரை அங்குல வலையும் உண்டா?
3. குஞ்சுப் பெட்டியும் இழைக் குமிழும் தயாரா?
4. முதல் மாதத் தீன் வீட்டில் இருக்கிறதா?
5. தடுப்பு மருந்து போடும் நாட்களை எழுதி ஒட்டியாயிற்றா?
6. பகலில் யார் பார்ப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்தாயிற்றா?

ஆறுக்கும் “ஆம்” என்றால் குஞ்சு வாங்கப் போகலாம்.