ரேடியோ நெல்லும் கைபேசிச் செய்தியும்

சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டுக் காத்திருக்கும் தை, மாசி மாதங்களில் உங்கள் கைபேசிக்கு நாளொன்றுக்கு எத்தனை செய்திகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மழை வரும் என்று ஒன்று, வராது என்று ஒன்று. புகையானுக்குக் கைமருந்து ஒன்று. வடிவேலு முகத்தைப் போட்டு உர விலையைக் கேலி செய்யும் படம் ஒன்று. இவற்றுள் பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் பரவிவிடுவது எது? அனுப்பியவர் கைபேசியிலேயே கிடந்து மடிவது எது? கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் வட்டார உழவர்கள் தம் குறையையும் தம் விளைபொருளையும் வெளியுலகுக்குச் சொல்ல இன்று கையிலிருக்கும் எளிய கருவி இதுவே. ஆகவே இதன் இயல்பையும் அறிந்துகொள்வது நல்லது.

வானொலியில் பரவிய நெல்

செய்தி எப்படிப் பரவுகிறது என்பதை அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்துக்கு அருகில் ஆடுதுறையில் 1922-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் ரகம் வந்தது. வயது சுமார் 105 நாட்கள். குறுவைக்கு ஏற்றது. குறுவை முடித்துத் தாளடியும் நடலாம் என்பதால் ஒருபோக நிலத்தை இருபோகமாக்க இந்த ரகம் பெரிதும் உதவிற்று.

அக்காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் 1960-61 முதல் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்து வந்தது. மூத்தோர் இதனைப் 'பேக்கேஜ் திட்டம்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம், 1966-இல் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு ஏற்பட்டதும் உழவர்க்கான நிகழ்ச்சிகளை மும்முரமாக நடத்தியது. ஆடுதுறை 27 பற்றி அதில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. கேட்டவர்கள் அந்த ரகத்தை எண்ணால் அழைக்கவில்லை. 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். விளம்பர நிறுவனம் எதுவும் சூட்டாத பெயர் அது. உழவர்களே சூட்டியது.

இந்தச் செய்தி ஏன் பரவியது? முதலாவது, சொல்ல எளிதான பெயர். இரண்டாவது, ஒரே செய்தி ஒரே பொருளைப் பற்றியது. 'இந்த விதை, இந்தப் பருவம், இத்தனை நாள்' என்று முடிந்துவிடும். மூன்றாவது, கேட்டவர் உடனே செய்யக்கூடிய செயல் ஒன்று அதில் இருந்தது. விதை கேட்டுப் போகலாம், வாங்கி விதைக்கலாம். நான்காவதுதான் மிக முக்கியமானது: நூறு நாள் கழித்து அடுத்த வயலில் நின்று கண்ணால் சரிபார்க்கலாம். வானொலி சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அந்தப் பெயரே அடுத்த குறுவையில் வசைப்பெயராகியிருக்கும். பின்னாளில் ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற ரகங்கள் அதன் இடத்தைப் பிடித்தன; ரேடியோ நெல் என்ற பெயர் மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

விதையோடு செய்தியைக் கட்டி அனுப்பிய இன்னொருவரும் இப்பகுதிக்காரரே. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் பாரம்பரிய நெல் விழா நடத்திவந்த நெல் ஜெயராமன் (மறைவு 2018) இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பெற்றவரே அடுத்துப் பரப்புபவராகவும் ஆகிவிடுகிறார். கைபேசியில் செய்தி பரப்ப விரும்புவோர் இந்த ஏற்பாட்டை நன்கு ஆராய வேண்டும்.

மீம் என்பது யாது?

கைபேசியில் வரும் கேலிப் படங்களை இளைஞர்கள் 'மீம்' என்கிறார்கள். இச்சொல்லை உண்டாக்கியவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்னும் உயிரியல் அறிஞர். 1976-இல் வெளியான தம் நூலில், மரபணு உடலுக்கு உடல் செல்வதுபோல ஒரு மெட்டோ, சொல்லோ, பழக்கமோ மனத்துக்கு மனம் படியெடுக்கப்பட்டுச் செல்கிறது என்று விளக்கி, அதற்கு இப்பெயரிட்டார். நமக்குப் புரியும்படி சொன்னால் மீம் என்பது ஒட்டுக்கட்டுவது போன்றது. எல்லோருக்கும் தெரிந்த திரைப்படக் காட்சி வேர்ச்செடி. நாம் எழுதும் இரண்டு வரி ஒட்டுக்குச்சி. வேர் ஏற்கெனவே ஊன்றியிருப்பதால் ஒட்டு சீக்கிரம் தழைக்கிறது.

2019 மே மாத இறுதியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பேஸ்புக்கில் ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, 'உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்' என்று யாரோ கேட்டார்கள். தமிழர் ஒருவர், 'சுத்தியல்' என்று சொல்லி, காண்டிராக்டர் நேசமணியின் தலையில் ஜமீன் பங்களாவில் விழுந்தது இதுதான் என்றும் சேர்த்துவிட்டார். 2001-இல் வெளிவந்த 'பிரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம் அது. நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற வாசகம் ஓரிரு நாளில் உலகெங்கும் ட்விட்டரில் முன்னணிக்கு வந்தது. ஒரு காசு செலவில்லை.

ஆயினும் உழவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் சொல்லவேண்டிய செய்தி எதுவும் இல்லை. ஆகவே சில நாளில் அடங்கிவிட்டது. சிரிப்பு யூரியா மேலுரம் போன்றது. இட்ட சில நாளில் பயிர் கரும்பச்சையாகத் தெரியும். அடியுரம் இல்லாத நிலத்தில் அந்தப் பச்சையை நம்பி மகசூல் கணக்குப் போட முடியாது. நாம் அனுப்பும் படத்துக்கு அடியுரம் என்பது ஊர், தேதி, அளவு ஆகியவையே.

மக்கள் தொடர்பு என்னும் கலை

இதனை முன்பே ஒரு தொழிலாகக் கற்றுத் தேர்ந்தவர்கள் உண்டு. 1906-இல் அமெரிக்காவில் ஒரு ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து பலர் இறந்தபோது, அந்த ரயில் கம்பெனிக்கு ஆலோசகராயிருந்த ஐவி லீ என்பவர், செய்தியை மூடி மறைக்காமல் நடந்ததைத் தாமே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கச் செய்தார். பத்திரிகைக் குறிப்பு என்னும் முறைக்கு முன்னோடியாக அதனைச் சொல்வார்கள். நம்மைப் பற்றிய செய்தியைப் பிறர் திரித்துச் சொல்லுமுன் நாமே முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது இதன் கருத்து.

டெல்டாவிலும் இதற்குச் சான்று உண்டு. 2023 மார்ச் இறுதியில் வெளியான நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் தஞ்சை மாவட்டத்து வடசேரியும், மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு ஆகிய பகுதிகளும் இடம்பெற்றிருந்தன. அரசின் அறிவிப்பில் அச்சாகியிருந்த அந்த ஊர்ப் பெயர்களே செய்தியாயின. இப்பகுதியைக் காக்க 2020-ஆம் ஆண்டிலேயே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றப்பட்டிருந்ததால், எதிர்ப்புத் தெரிவித்தவர்களிடம் சுட்டிக்காட்ட ஒரு சட்டமும் இருந்தது. சட்டமன்றமும் இதனை எடுத்துப் பேசியது. ஏப்ரல் 8-ஆம் நாள், அப்பகுதிகள் ஏலத்திலிருந்து நீக்கப்படும் என்று மத்திய அமைச்சர் ட்விட்டரிலேயே அறிவித்தார். படம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. படத்துக்குப் பின்னால் ஒரு காகிதம் இருந்தது.

ஏக்கரும் எக்டரும்

பதரும் நெல்லைப் போலவே பறக்கும். இன்னும் வேகமாகப் பறக்கும். 2021-க்குப் பின் ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒரு பங்கு செறிவூட்டிய அரிசி கலந்து வரத் தொடங்கியபோது, அது தண்ணீரில் மிதப்பதைக் கண்டவர்கள் 'பிளாஸ்டிக் அரிசி' என்று காணொளி எடுத்து அனுப்பினார்கள். அரிசி மாவில் இரும்புச் சத்தும், ஃபோலிக் அமிலமும், பி12 வைட்டமினும் சேர்த்து அரிசி வடிவில் பிழிந்தெடுத்ததே அது. அதை வீணாகப் பொறுக்கி எறிந்த வீடுகள் உண்டு.

வயலில் இதைவிடப் பெரிய இழப்பு நேரலாம். காவிரி டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து எக்டருக்கு 150 கிலோ. யூரியாவாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 326 கிலோ. ஏக்கருக்கு என்றால் சுமார் 132 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. படத்தில் எழுதுபவர் 'எக்டர்' என்பதை 'ஏக்கர்' என்று மாற்றிவிட்டால் ஏழு மூட்டைக்கு மேல் போய்விடும்! அந்த வயலில் புகையானும், இலைச் சுருட்டுப் புழுவும், குலை நோயும் விருந்துக்கு வந்ததுபோல் கூடும். கதிர் முற்றுமுன் பயிர் சாயும். பூச்சி மருந்துக்கும் இதே கதிதான். ஒற்றைச் சொல்லில் நேர்ந்த பிழை ஏறக்குறைய இரண்டரை மடங்கு அளவாகிறது. அனுப்பியவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். அத்தகைய செய்தியை ஒரு முறையில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020-இல் அந்நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. அம்புக்குறி உள்ள மருந்து அளவை வயலுக்குக் கொண்டுபோகுமுன் வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, 1800 180 1551 என்னும் கட்டணமில்லா உழவர் உதவித் தொலைபேசியிலோ கேட்டுவிடுங்கள். யார் முதலில் எழுதியது என்று தெரியாத அளவை நம்புவது, எந்த வயலில் விளைந்தது என்று தெரியாத விதையை நாற்றங்காலில் தெளிப்பதற்கு ஒப்பாகும்.

உங்கள் படத்தை நீங்களே செய்யும் முறை

எடுத்துக்காட்டாகக் கொள்முதலையே கொள்வோம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்பது பொது விதி. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையால் அறுவடை நெல் நனைந்தபோது, மத்திய அரசு 20 சதவீதம் வரை தளர்வு அளித்தது. ஆகவே எண்ணோடு கேட்டால் பரிசீலிக்க இடமுண்டு.

'விவசாயி கண்ணீர்' என்று எழுதிய படம் ஆயிரம் வந்துவிட்டது; அதை எவரும் நின்று பார்ப்பதில்லை. மாறாக, தார்ப்பாயின் கீழ் முளைவிட்ட நெல்லைக் கைநிறைய அள்ளிப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். அதன்மேல், 'மழையில் நனைந்தது ஒரு நாள்; வாசலில் காத்திருந்தது ஒன்பது நாள்' என்பதுபோல இரண்டே வரி எழுதுங்கள். கீழே ஊரின் பெயர், நிலையத்தின் பெயர், தேதி, எத்தனை மூட்டை, ஈரப்பதமானி காட்டிய எண் ஆகியவற்றைத் தவறாமல் குறிக்கவும். கடைசியில் கோரிக்கை ஒன்றே ஒன்று இருக்கட்டும். கூடுதல் லாரி வேண்டுமா, ஈரப்பதத் தளர்வு வேண்டுமா? இரண்டையும் கேட்டால் படிப்பவர் இரண்டையும் மறந்துவிடுவார். கண்ணாடி இல்லாத பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவரால் படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

வடிவேலு படம் போடலாமா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சக உழவர் குழுவுக்கு என்றால் போடலாம், சிரிப்பு கூட்டம் சேர்க்கும். அதிகாரிக்கும் பத்திரிகை நிருபருக்கும் அனுப்புவதில் முளைத்த நெல்லே போதும். எந்தப் படமானாலும் எடைபோடும் பணியாளரையோ, ஒருவரது சாதியையோ, பெண்களையோ ஏளனம் செய்யும் சொல் வேண்டாம். பிறர் முகம் படத்தில் இருந்தால் அவரைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

விற்பனைக்கும் இதே முறைதான். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ராஜகிரி, பண்டாரவாடை, சுவாமிமலைப் பக்கத்துக் கொடிக்கால்காரர்கள், 'தரமான வெற்றிலை' என்று எழுதுவதைவிடக் கொடிக்காலில் கிள்ளும் நேரத்தைக் காட்டி, ஊரையும் கவுளி விலையையும் எழுதினால் வாங்குபவர் கேட்டு வருவார்.

கைபேசியில் பரவிவிட்டது என்று மனு எழுதாமல் இருந்துவிடாதீர்கள். அதே படத்தை அச்செடுத்து மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். நெல் எடைபோடப்பட்டதும் அன்றைக்கே இரண்டாவது படம் ஒன்றை அதே குழுக்களுக்கு அனுப்பிக் குறை தீர்ந்த விவரத்தைச் சொல்லுங்கள். அனுப்பிய படத்தை எல்லார் கைபேசியிலிருந்தும் நீக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான காலம் மட்டுமே உண்டு. அதன்பின் அடுத்த மழையில் அந்தப் படம் மீண்டும் முளைத்து வரும். அப்போது உண்மையாகவே நனைந்து கிடக்கும் இன்னொருவர் நெல்லையும் பழைய படம் என்று தள்ளிவிடுவார்கள். ஆதலால் தேதியைப் படத்தின் ஓரத்தில் எழுத வேண்டாம். ஓரத்தை வெட்டிவிடுவார்கள். அள்ளிய நெல்லுக்குப் பக்கத்திலேயே, படத்தின் நடுவில் எழுதுங்கள்.