கூட்டுக்குள் வந்தது யார்?

விடிந்ததும் கூட்டைத் திறந்தால் அத்தனை கோழிகளும் கழுத்து கடிபட்டுக் கிடக்கின்றன. தின்னப்பட்டது ஒன்றோ இரண்டோதான். நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் இதைப் பார்த்தவர்கள், “பசிக்குத் தின்னுட்டுப் போயிருந்தாக்கூட மனசு ஆறும், இப்படிப் பாழாக்கிப் போட்டிருச்சே” என்றுதான் புலம்புவார்கள். தின்னாத உயிரை ஏன் கொல்ல வேண்டும்?

விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1972-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் தரையில் கூடு கட்டும் கடற்காகங்களைச் சில இரவுகளில் நரிகள் ஏராளமாகக் கொன்றுவிட்டு, பெரும்பாலானவற்றைத் தின்னாமலே விட்டுப் போயிருந்தன. அவையெல்லாம் கும்மிருட்டான இரவுகள். அந்த இருளில் பறவைகள் எழுந்து பறக்கவே இல்லை. வயிறு நிறைந்தால் வேட்டை விலங்கு இரை தேடுவதை நிறுத்திவிடும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் உயிர் படபடத்துக்கொண்டிருந்தால், பாய்ந்து கடிக்கும் உந்துதல் அடங்குவதில்லை. காட்டில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை சிதறி ஓடிவிடும் என்பதால் இது பெரிதாக வெளிப்படாது. நான்கு பக்கமும் அடைத்த கூட்டில் ஓட இடமில்லை.

கோழியின் கண்ணும் அதற்குத் துணை நிற்பதில்லை. பகலில் நிறங்களைப் பிரித்தறிவதில் கோழி நம்மை மிஞ்சிவிடும். நிறம் அறியும் கூம்புச் செல்கள் நமக்கு மூன்று வகை, அதற்கு நான்கு. பொழுது சாய்ந்துவிட்டாலோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. முருங்கைக் கிளையில் அடைந்த கோழியை ராத்திரியில் சிறுபிள்ளைகூடச் சத்தமில்லாமல் பிடித்துவிடலாம். மரமேறியான மரநாய்க்கு அது இன்னும் சுலபம்.

ஆகவே, இழப்பு நேர்ந்த வீட்டில் முதலில் கேட்க வேண்டியது, “எப்போது நடந்தது?” என்பதுதான். கீரி பகலில் திரிவது. மத்தியானம் வீடு அரவமற்றுக் கிடக்கும் நேரத்தில் குஞ்சு காணாமல் போனால், பருந்து, வல்லூறு, காகத்தோடு கீரியையும் சந்தேகிக்கலாம். இரவில் நடந்திருந்தால் மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை, நரி. இறகுகள் முற்றமெங்கும் சிதறி, உடல்கள் ஆங்காங்கே தின்னப்படாமல் கிடந்தால், பெரும்பாலும் அது தெருநாய்களின் வேலை. இறகோ ரத்தமோ இல்லாமல் முட்டை மட்டும் முழுசாக மறைந்திருந்தால் பாம்பாக இருக்கலாம். உடும்பையும் மறக்க வேண்டாம். எல்லாப் பழியையும் கீரி மேல் போட்டுவிட்டு மரநாய் வரும் கூரை இடுக்கை அடைக்காமல் விடுவதை அடிக்கடி பார்க்கிறோம்.

பகல் நேர எதிரிகளைப் பற்றிக் கோழிகளே நமக்குச் சொல்லிவிடுகின்றன. வானத்தில் பருந்தைக் கண்டால் சேவல் இழுத்தாற்போல் மெல்லிய ஒலி எழுப்பும். தரையில் நாயையோ கீரியையோ கண்டால் விட்டுவிட்டு உரக்கக் கொக்கரிக்கும். கிறிஸ்டோபர் இவான்ஸ், பீட்டர் மார்லர் குழுவினர் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், எதிரி எதுவும் இல்லாத இடத்தில் இந்த ஒலிகளைப் பதிவிலிருந்து கோழிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். முதல் ஒலிக்குக் கோழிகள் மறைவுக்குள் ஓடிப் பதுங்கி அண்ணாந்து பார்த்தன. இரண்டாவதற்குக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் நோக்கின. கேட்ட ஒலியை வைத்தே எதிரி வரும் திசை அவற்றுக்குப் புரிந்துவிடுகிறது!

பதுங்க இடம் இருந்தால்தான் இந்த அறிவு பயன்படும். சுத்தமாகப் பெருக்கிய மொட்டை முற்றம் பருந்துக்கு வசதியானது. நான்கு குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் தென்னங்கீற்று போட்டுவைத்தால் தாய்க்கோழி குஞ்சுகளோடு அடியில் நுழைந்துகொள்ளும். இரண்டு செடிப் புதர் இருந்தாலும் போதும். சின்னக் குஞ்சுகளை முதல் சில வாரங்களுக்குப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவைக்கும் நம் பழக்கம் மிக நல்லது. அதைக் கைவிட வேண்டாம். முற்றத்துக்கு மேலே வலை கட்டுவதானால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். பழைய நைலான் வலையைத் தரையோரம் சுற்றிவைப்பதை மட்டும் செய்யாதீர்கள். சாரைப்பாம்பு அதில் சிக்கி, செதில் அறுபட்டு, நாள்கணக்கில் துடித்துச் சாகும்.

இனி இரவுக் கூடு. பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். கடையில் கோழி வலை என்று கேட்டால், மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னிய அறுகோணக் கண் வலையைத் தருவார்கள். இங்கிலாந்தின் நாரிச் நகரில் சார்லஸ் பர்னார்டு என்பவர் 1844-ல் துணி நெய்யும் பொறியைப் பார்த்து உருவாக்கியது இது. கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். கொல்ல வருவதைத் தடுக்க அதற்குப் பலமில்லை. நாய் பல்லால் கவ்வி இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும். கண் பெரிதாக இருந்தால் பெருச்சாளியும் பாம்பும் தாராளமாக நுழையும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் கூண்டு முழுக்க அதுதான் வேண்டும். கட்டுக்கம்பியால் கட்டாமல், திருகாணியோடு வாஷர் வைத்து முடுக்குங்கள்.

அடுத்தது தரை. தோண்டும் விலங்கு வேலியின் அடியிலேதான் தோண்டத் தொடங்கும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. அதனால் வலையைக் கீழே இறக்கி, வெளிப்புறமாக இரண்டடி படுக்கப் பரப்பி, மேலே மண்ணும் கல்லும் போட்டால் போதும். கால்கள் வைத்துத் தரையிலிருந்து உயர்த்திய கூடானால் இந்த வேலையும் மிச்சம்.

பிறகு கூரையை அண்ணாந்து பாருங்கள். அலை அலையான தகரத்தைச் சட்டத்தின் மேல் வைத்தால், ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு வாய் திறந்திருக்கும். பாம்பும் எலியும் வருவது அந்த வழியில்தான். சிமென்டோ வலைத் துண்டோ வைத்து ஒவ்வொன்றாக அடையுங்கள். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாள் வேண்டும்.

மின்னும் விளக்கு, தொங்கவிட்ட பளபளப்புத் தகடு எல்லாம் விலங்குக்குப் பழகும்வரைதான் பலிக்கும். பூண்டையும் கந்தகத்தையும் நம்பிப் பாம்பு வராது என்று இருந்துவிட முடியாது. பாம்பைக் கூட்டுக்கு அழைப்பது எலி. எலியை அழைப்பது சிந்திய குருணை. சாயங்காலமே முட்டையை எடுத்து, மிச்சத் தீனியைக் கூட்டி அள்ளிவிடுங்கள். இருட்டில் கையை விட்டு முட்டை துழாவ வேண்டாம், டார்ச் அடித்துப் பாருங்கள்.

செத்த கோழியில் விஷம் தடவி வைப்பதும், மின்கம்பியை நேரடியாக வேலியில் இழுப்பதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. அந்த விஷம் நாயையும் பருந்தையும் சேர்த்துக் கொல்லும். அந்தக் கம்பி மனிதரையே கொன்றிருக்கிறது. கீரி, காட்டுப்பூனை, உடும்பு, சாரை ஆகியவை 1972-ம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. அதைவிட முக்கியம், கீரியும் புனுகுப்பூனையும் சாரையும் வருஷம் முழுக்க நம் தோட்டத்து எலிகளைத் தின்று தீர்க்கின்றன. அவற்றை ஒழித்த வீட்டில் எலி பெருகும்.

கூட்டில் பாம்பு தென்பட்டால் கம்பைத் தேடாமல் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். அடுத்த சந்தையில் குஞ்சு வாங்கும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து அதற்கு முன் கூட்டைச் சுற்றி ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, இரண்டு விரல் நுழையும் இடுக்கையெல்லாம் அடைத்துவிடுங்கள்.